தாடி ஓணானுக்கு வீட்டுக்குள் வெயில்: ஒளியும் வெப்பமும் அமைக்கும் முறை

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தின் வடமேற்கு மூலையில், மில்டுராவைச் சுற்றியுள்ள மல்லீ புதர்க்காட்டுச் சாலைகளில், வெயில் ஏறத் தொடங்கும் காலை வேளையில் வேலிக் கம்பங்களின் உச்சியில் அசையாமல் அமர்ந்திருக்கும் பியர்டட் டிராகன்களைக் காணலாம். தாடி ஓணான் என்று தமிழில் சொல்லத் தகுந்த இந்த உயிர், நம் ஊர் மதில்களில் தலையை ஆட்டிக்கொண்டு நிற்கும் ஓணான் சேர்ந்திருக்கும் அதே அகாமிடே குடும்பத்தைச் சேர்ந்தது. ஓணானைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதன் நடத்தை முற்றிலும் புதிதாக இருக்காது. காலையில் கருத்த நிறத்துடன் உடம்பைத் தட்டையாக விரித்து வெயிலை வாங்கும், சூடு ஏறியதும் நிறம் வெளுக்கும், இரை தேடும், நண்பகல் கொதிக்கும்போது நிழலுக்குள் இறங்கிவிடும். தன் உடல் வெப்பத்தை உள்ளிருந்து உண்டாக்கிக்கொள்ள முடியாத இந்த உயிர், நாள் முழுவதும் வெயிலுக்கும் நிழலுக்கும் இடையே நகர்ந்தே அதைச் சரியாக வைத்துக்கொள்கிறது.

வீட்டில் ஒரு பெட்டிக்குள் இதை வளர்க்க விரும்புகிறவர் அமைத்துத் தர வேண்டியது அந்த வெயிலையும் அந்த நிழலையும், இரண்டுக்கும் இடையே நடப்பதற்கான தூரத்தையும்தான். புதிதாக வளர்க்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் “எத்தனை வாட் பல்பு வாங்க வேண்டும்?” என்றே கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு ஒரே விடை கிடையாது. உங்கள் அறை எவ்வளவு குளிரும், பெட்டி எவ்வளவு உயரம், விளக்குக்கும் கல்லுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி என்பதையெல்லாம் பொறுத்து அது மாறும். கல்லின் மேல் எத்தனை டிகிரி, எதிர் முனையில் எத்தனை டிகிரி, ஓணானின் முதுகில் எவ்வளவு புற ஊதாக் கதிர் விழுகிறது என்ற மூன்றுக்கும் அளந்து விடை கண்டுவிட்டால், வாட் கணக்கு தானாகவே முடிவாகிவிடும்.

நான் மெல்பர்னில் வளர்க்கிறேன். ஆகவே இங்கே சொல்லும் குளிரும் கோடையும் இந்த ஊருக்குரியவை. ஆஸ்திரேலியாவில் இது நாட்டு விலங்கு என்பதால், காட்டிலிருந்து பிடித்து வருவது குற்றம். வீட்டில் பிறந்தவற்றை வளர்ப்பதற்கான உரிம விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகின்றன. பெட்டி வாங்குவதற்கு முன்பே உங்கள் மாநில விதியைப் பார்த்து உரிமத்தை முடித்துக்கொள்ளுங்கள்.

ஒளியும் வெப்பமும் ஏன் ஒரே இடத்தில் விழ வேண்டும்

அமைக்கும் முறைக்குப் போவதற்கு முன் ஒரு விளக்கம் அவசியம். இதைப் புரிந்துகொண்டவர்கள் பின்னால் வரும் படிகளில் எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது. சூரிய ஒளியில் நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்களில், சுமார் 290 முதல் 315 நானோமீட்டர் அலைநீளமுள்ள யூவிபி என்னும் பகுதி ஓணானின் தோலில் படும்போது, அங்குள்ள கொழுப்புப் பொருள் ஒன்று வைட்டமின் டி3-க்கு முந்தைய வடிவமாக மாறுகிறது. அந்த முந்தைய வடிவம் முழு டி3 ஆக மாறுவதற்குத் தோலின் வெப்பம் தேவை. பிறகு ஈரலும் சிறுநீரகமும் அதைப் பயன்படும் நிலைக்குக் கொண்டுவந்த பின்னரே, தின்ற உணவிலிருக்கும் கால்சியத்தைக் குடல் உறிஞ்ச முடிகிறது. ஆகவே யூவிபி விளக்கை ஒரு முனையிலும் சூட்டு விளக்கை எதிர் முனையிலும் வைத்தால், ஓணான் கதிர் படும் இடத்தில் குளிர்ந்தும், சூடு படும் இடத்தில் கதிரின்றியும் இருக்கும். வெயிலில் இரண்டும் ஒன்றாகவே வருகின்றன. பெட்டியிலும் ஒன்றாகவே வர வேண்டும்.

யூவிபி கிடைக்காத குட்டிக்கு எலும்பு நோய் வரும். தாடை ரப்பர்போல் மென்மையாகும், கால்கள் வளையும், விரல்கள் துடிக்கும், முதுகெலும்பு கோணும். முற்றிய பிறகு வளைந்த எலும்பு நிமிர்வதில்லை. டி3 கலந்த பொடியை உணவில் தூவினால் விளக்கு தேவையில்லை என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பொடி அளவு மீறினால் உடலில் நஞ்சாகச் சேரக்கூடியது. தோலில் உண்டாகும் டி3-யோ போதிய அளவு ஆனதும் தானாகவே கட்டுக்குள் நின்றுவிடும். பொடியைத் துணையாக மட்டுமே வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: பெட்டியும் அதன் இரு முனைகளும்

வளர்ந்த தாடி ஓணான் மூக்கிலிருந்து வால் நுனி வரை 45 முதல் 60 சென்டிமீட்டர் இருக்கும். அதற்கு 120 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 60 செ.மீ. உயரம் உள்ள பெட்டியே குறைந்தபட்ச அளவு. நீளத்தை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் வெப்பச் சரிவு: ஒரு முனையில் 40 டிகிரியும் எதிர் முனையில் 25 டிகிரியும் நிலைக்க வேண்டுமானால் இடையே தூரம் வேண்டும். 60 செ.மீ. பெட்டியில் விளக்கைப் போட்டால் இரு முனைகளும் ஒரே சூடாகி, ஓணானுக்கு ஒதுங்க நிழலே இல்லாமல் போய்விடும்.

சூட்டு முனையில் விளக்குக்கு நேர் கீழே தட்டையான கருங்கல்லையோ சொரசொரப்பான தரை டைல் ஒன்றையோ வையுங்கள். ஓணானின் முழு உடம்பும் அதன்மேல் அடங்க வேண்டும். கல் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு அடிவயிற்றுக்குத் தரும். அருகே சாய்வாக ஒரு தடித்த மரக்கிளை இருந்தால், எவ்வளவு உயரம் ஏறுவது என்பதன் மூலமே தனக்கு வேண்டிய சூட்டை அது தேர்ந்தெடுத்துக்கொள்ளும். குளிர் முனையில், வெளிச்சமும் கதிரும் அறவே விழாத ஒரு குகை இருக்க வேண்டும்.

இரண்டாம் படி: சூட்டு விளக்கு

பகல் சூட்டுக்கு நான் பரிந்துரைப்பது வெள்ளை ஒளி தரும் ஹாலஜன் ஃப்ளட் விளக்கு. சூரியனிலிருந்து வருவதைப் போன்ற குறுகிய அகச்சிவப்புக் கதிர்களை அது நிறையத் தருகிறது. அவை தோலைக் கடந்து தசை வரை சென்று உடம்பைச் சூடாக்குகின்றன. வெளிச்சமின்றிச் சூடு மட்டும் தரும் பீங்கான் ஹீட்டரின் வெப்பம் தோலின் மேற்பரப்போடு நின்றுவிடுகிறது. ஆகவே அதைப் பகலில் வெயிலுக்கு மாற்றாகப் பயன்படுத்த வேண்டாம். விளக்கு வாங்கும்போது ஸ்பாட் வேண்டாம், ஃப்ளட் என்று கேட்டு வாங்குங்கள். ஸ்பாட் விளக்கின் ஒளி ஒரு புள்ளியில் குவிவதால், முதுகின் நடுவில் ஒரு சிறு இடம் வெந்துகொண்டிருக்க, வாலும் தோளும் குளிர்ந்தே கிடக்கும். மேலும் சூடு வேண்டுமென்று ஓணான் அங்கிருந்து நகராமல் இருக்கும்; முதுகு புண்ணாவது அப்படித்தான்.

60 செ.மீ. உயரப் பெட்டிக்கு 75 வாட்டில் தொடங்கலாம். குளிர்ந்த அறையாக இருந்தால் 100 வாட் தேவைப்படலாம். பீங்கான் ஹோல்டரையே பயன்படுத்துங்கள். பிளாஸ்டிக் ஹோல்டர் இந்தச் சூட்டில் உருகும், தீப்பிடிக்கும். விளக்கு பெட்டிக்குள்ளேயே இருந்தால் அதைச் சுற்றிக் கம்பிவலைக் காப்பு கட்டாயம். கிளைமீது ஏறி விளக்கைத் தொடக்கூடிய உயிர் இது என்பதை மறக்க வேண்டாம்.

சிவப்பு பல்பு, நீல ‘நிலவொளி’ பல்பு, மின்சாரத்தில் சூடாகும் செயற்கைக் கல் ஆகிய மூன்றையும் விலக்குங்கள். தாடி ஓணான் நிறங்களை நன்றாகப் பார்க்கும். இரவில் சிவப்பு வெளிச்சம் இருந்தால் அதற்கு இரவே கிடையாது. சூட்டுக் கல்லோ, வயிறு வெந்த பிறகும் அது உணராமல் படுத்துக்கிடக்கும்படி செய்துவிடுகிறது, ஏனெனில் இந்த இனம் சூட்டை மேலிருந்து எதிர்பார்த்தே வாழ்ந்து வந்திருக்கிறது.

மூன்றாம் படி: தெர்மோஸ்டாட்டும் அளவுகளும்

சூட்டை அளந்து விளக்கைக் கட்டுப்படுத்தும் கருவிதான் தெர்மோஸ்டாட். ஹாலஜன் விளக்குக்கு ஒளியைக் கூட்டிக் குறைக்கும் டிம்மிங் தெர்மோஸ்டாட் வேண்டும். அணைத்து ஏற்றும் வகையைப் பொருத்தினால் விளக்கு நாள் முழுவதும் மின்னி மின்னி அணையும். விளக்கும் சீக்கிரம் போய்விடும். தெர்மோஸ்டாட்டின் உணரியைக் கல்லின் ஓரத்தில், ஓணான் இழுக்க முடியாதபடி கேபிள் கிளிப் வைத்து இறுக்கிப் பொருத்துங்கள். ஒட்டும் டேப் போதாது. என் பெட்டியில் முதல் ஆண்டில் டேப் உரிந்து உணரி குளிர் முனைப் பக்கம் விழுந்துவிட்டது. அங்கே குளிராக இருக்கிறதே என்று தெர்மோஸ்டாட் விளக்கை முழு வேகத்தில் எரியவிட்டது. நான் வீடு திரும்பியபோது கல்லின் மேற்பரப்பு 56 டிகிரி காட்டியது. ஓணான் குகையின் பின்சுவரில் ஒட்டிக்கொண்டு வாயைத் திறந்தபடி இருந்தது. ஒதுங்குவதற்கு அந்தக் குகையும் 120 செ.மீ. தூரமும் இருந்ததால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து தினமும் காலையில் விளக்கைப் பார்ப்பதற்கு முன் உணரியைத் தொட்டுப் பார்க்கிறேன்.

அளப்பதற்கு இரண்டு கருவிகள் போதும். பரப்பின் சூட்டை அளக்க, துப்பாக்கி வடிவ அகச்சிவப்பு வெப்பமானி. காற்றின் சூட்டை அளக்க, கம்பி உணரியுள்ள டிஜிட்டல் வெப்பமானி இரண்டு, முனைக்கு ஒன்றாக. கண்ணாடியில் ஒட்டும் வட்டமுள் வெப்பமானி கண்ணாடியின் சூட்டைச் சொல்லுமே தவிர, ஓணான் படுத்திருக்கும் கல்லின் சூட்டைச் சொல்லாது. விளக்கை ஏற்றி இரண்டு மணி நேரம் கழித்து, கல்லின் நடுவிலும் நான்கு மூலைகளிலும் அளந்து எழுதிவையுங்கள். நடுவில் 38 முதல் 42 டிகிரி செல்சியஸ் வரை இருக்கலாம். வளரும் குட்டிகளுக்கு 40-க்கு மேல் இருப்பது நல்லது. மூலைகளுக்கும் நடுவுக்கும் இடையே பெரிய வேறுபாடு இருந்தால், ஒளிவட்டம் உடம்பைவிடச் சிறியது என்று பொருள். விளக்கைச் சற்று உயர்த்தி, தேவையானால் வாட்டைக் கூட்டுங்கள். குளிர் முனையில் காற்று 24 முதல் 27 டிகிரிக்குள் நிற்க வேண்டும். இந்த எண்தான் எனக்குச் சூட்டு முனையின் எண்ணைவிட முக்கியம். குளிர் முனை 30-ஐத் தாண்டினால் அந்தப் பெட்டியில் நிழலே இல்லை.

நான்காம் படி: யூவிபி விளக்கு

இதற்குப் பணத்தை மிச்சம் பிடிக்க வேண்டாம். பாலைவன விலங்குகளுக்கென்று யூவிபி 10 அல்லது 12 விழுக்காடு என்று குறிக்கப்பட்ட, டி5 எச்ஓ என்னும் மெல்லிய, திறன் மிகுந்த வகை நீள டியூப் விளக்கும், பின்னால் பளபளக்கும் பிரதிபலிப்பானும் வாங்குங்கள். 120 செ.மீ. பெட்டிக்கு ஏறத்தாழ 85 செ.மீ. நீளமுள்ள 39 வாட் டியூப் பொருந்தும். அதைச் சூட்டு முனையிலிருந்து தொடங்கி நடுவைத் தாண்டி நிற்குமாறு, ஹாலஜன் விளக்கின் பக்கத்திலேயே இணையாகப் பொருத்துங்கள். அப்போது சூட்டு முனையில் கதிர் நிறையவும், போகப் போகக் குறைந்தும், குகையில் இல்லாமலும் இருக்கும்.

திருகு வடிவக் காம்பேக்ட் பல்புகளைப் பற்றி ஒரு சொல். எனக்கு முதல் ஓணானை விற்ற கடையில் பெட்டி, சிவப்பு பல்பு, திருகு பல்பு எல்லாம் சேர்ந்த ஒரு தொகுப்பையே தந்தார்கள். இரண்டாம் வாரத்தில் குட்டி வலது கண்ணை மூடியபடியே இருந்தது. பூச்சியைப் பார்த்தும் பாயவில்லை. விளக்குக்கு முதுகு காட்டி மூலையில் நின்றது. ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவர் கண்ணைப் பரிசோதித்துவிட்டு முதலில் கேட்ட கேள்வி “என்ன விளக்கு, எவ்வளவு தூரத்தில்?” என்பதுதான். அந்த பல்பு, குட்டியின் முகத்துக்கு நேராக, ஒரு சாண் தூரத்தில் பக்கவாட்டில் இருந்தது. அதை எடுத்துவிட்டு டியூபை மேலே பொருத்தியதும் நான்கைந்து நாள்களில் கண் திறந்தது. திருகு பல்பின் கதிர் ஒரு சிறு வட்டத்தில் மட்டுமே விழும். அதில் குட்டி அருகே வந்தால் மிகுதி, விலகினால் ஒன்றுமில்லை. எந்த விளக்காக இருந்தாலும் மேலிருந்தே விழ வேண்டும். சூரியனைத் தடுக்கப் புருவமேடு இருக்கிறது, பக்கத்திலிருந்து வரும் கதிரைத் தடுக்க எதுவும் இல்லை.

தூரம் எவ்வளவு என்பதற்கு விளக்கின் அட்டைப்பெட்டியில் உற்பத்தியாளர் தந்திருக்கும் அட்டவணையை முதலில் பாருங்கள். பொதுவாக, இடையில் வலை இல்லாவிட்டால் டியூபிலிருந்து ஓணானின் முதுகு வரை 35 முதல் 45 செ.மீ.; வலைக்கு மேலே விளக்கு இருந்தால் 25 முதல் 30 செ.மீ. வலையின் நெருக்கத்தைப் பொறுத்து மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ கதிர் குறைந்துவிடும். கண்ணாடியும் அக்ரிலிக்கும் யூவிபியை ஏறக்குறைய முழுவதுமாகவே தடுத்துவிடும். சன்னலோரத்தில் பெட்டியை வைத்தால் வெளிச்சமும் சூடும் வரும், யூவிபி வராது. அளக்க விரும்புகிறவர்கள் யூவி குறியீட்டுமானியைக் கொண்டு முதுகு நிற்கும் உயரத்தில் அளக்கலாம்: 3 முதல் 5 வரை நல்லது, 7-ஐத் தாண்டக் கூடாது. கருவி விலை அதிகம். ஊரில் வளர்ப்போர் சங்கம் இருந்தால் இரவல் கிடைக்க வாய்ப்புண்டு. நிறமி குறைவாக இருக்கும்படி இனவிருத்தி செய்யப்பட்ட வெளிர்நிற ஓணான்களுக்கு இந்த அளவைக் குறைத்தே வையுங்கள்.

டியூபும் ஹாலஜனும் சேர்ந்தும் பெட்டி மங்கலாகத் தோன்றினால், 6500 கெல்வின் வெள்ளை எல்.இ.டி. பட்டை ஒன்றை நீளவாக்கில் சேர்க்கலாம். பாலைவனப் பகலின் வெளிச்சத்துக்குப் பழகிய கண் அது. வெளிச்சம் கூடினால் தீனியும் சுறுசுறுப்பும் கூடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

ஐந்தாம் படி: இரவும் நேர அட்டவணையும்

இரவில் எல்லா வெளிச்சமும் அணைய வேண்டும். தலையின் உச்சியில் செதில்களுக்கு இடையே சிறு புள்ளியாகத் தெரியும் மூன்றாம் கண் வெளிச்சத்தை உணரக்கூடியது. இரவு வெப்பம் 18 முதல் 24 டிகிரி வரை இறங்குவது இயல்பு, அது நல்லதும்கூட. மெல்பர்னின் ஜூலை இரவுகளில் வீட்டு ஹீட்டரை அணைத்துவிட்டுத் தூங்கினால் அறை 15-க்கும் கீழே போய்விடும். அதற்கு மட்டும், வெளிச்சம் தராத பீங்கான் ஹீட்டரைத் தனித் தெர்மோஸ்டாட்டில் 18 டிகிரிக்கு வைத்துப் பொருத்துங்கள். அதன் மேற்பரப்பு விரலைச் சுட்டுவிடும் அளவுக்குச் சூடாகும். வெளிச்சம் இல்லாததால் எரிகிறதா என்றும் தெரியாது. ஆகவே வலைக் காப்பு இதற்கும் கட்டாயம்.

பகல் விளக்குகளை ஒரு டைமரில் இணைத்துவிடுங்கள். கோடையில் 13 முதல் 14 மணி நேரம், குளிர்காலத்தில் 10 மணி நேரம் என்று மாதத்துக்குச் சிறிது சிறிதாக மாற்றலாம். வளர்ந்த ஓணான்கள் குளிர்காலத்தில் தீனியைக் குறைத்து வாரக்கணக்கில் தூங்குவதுண்டு. எடை குறையாமல் இருந்தால் அது இயல்பே. ஒரு வயதுக்குட்பட்ட குட்டி அப்படித் தூங்கினால் விளக்கின் அளவுகளைச் சரிபார்த்துவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். வெளியே 40 டிகிரி அடிக்கும் கோடை நாளில், அறையில் குளிர்சாதனம் இல்லையென்றால் ஹாலஜனை அணைத்துவிட்டு டியூபை மட்டும் எரியவிடுங்கள்.

ஆறாம் படி: ஒரு வாரம் காலியாக எரியவிடுதல்

ஓணான் வீட்டுக்கு வருவதற்கு ஒரு வாரம் முன்பே எல்லாவற்றையும் பொருத்தி, பெட்டியைக் காலியாகவே ஓட்டுங்கள். காலை, நண்பகல், விளக்கு அணைந்து ஆறு மணி நேரம் கழித்து என மூன்று வேளை அளவுகளை ஒரு தாளில் எழுதுங்கள். விளக்கின் உயரம், வாட், கல்லின் உயரம் ஆகியவற்றை இந்த வாரத்தில் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். ஓணான் உள்ளே வந்த பிறகு ஒவ்வொரு மாற்றமும் அதன் உடம்பின்மேல் நடக்கும் சோதனை. மின்கம்பிகளைச் சுவர்ச் செருகிக்குப் போகும் முன் கீழே தொங்கி வளையுமாறு விடுங்கள். தண்ணீர் தெறித்தால் செருகிக்குள் போகாமல் வளைவில் சொட்டிவிடும். வீட்டு மின்பலகையில், மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சேஃப்டி சுவிட்ச் இருக்கிறதா என்பதையும் இந்த வாரத்திலேயே பார்த்துவிடுங்கள்.

ஓணான் வந்த பிறகு, அளவுகளோடு அதன் நடத்தையையும் படிக்க வேண்டும். கல்லின் மேல் இருபது முப்பது நிமிடம் காய்ந்துவிட்டு, வாயை லேசாகத் திறந்து, பிறகு இறங்கி நடந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது. நாள் முழுவதும் கல்லைவிட்டு இறங்காமல் கருத்தே கிடந்தால் சூடு போதவில்லை. கல்லுக்குப் போகவே போகாமல் குளிர் முனையில் வாயைத் திறந்து கிடந்தால் பெட்டி முழுவதும் மிகுந்த சூடு. கண்ணை மூடிக்கொண்டு சூட்டு முனையில் இருந்தால் யூவிபி தூரத்தைச் சந்தேகியுங்கள்.

வெளி வெயிலுக்கு எந்த விளக்கும் ஈடாகாது; 25 டிகிரிக்கு மேலுள்ள நாள்களில், பாதி நிழலுள்ள கம்பிவலைக் கூண்டில், நீங்கள் பக்கத்தில் இருக்க, அரை மணி நேரம் வெளியே வைக்கலாம். கண்ணாடித் தொட்டியை மட்டும் வெயிலில் வைக்கவே கூடாது. சில நிமிடங்களில் உள்ளே உயிரைக் கொல்லும் சூடு சேர்ந்துவிடும்.

யூவிபி டியூப் வெளிச்சம் தந்துகொண்டே இருக்கும்போதே அதன் கதிர் குறைந்துபோயிருக்கும். நம் கண்ணுக்கு அது தெரியாது. டி5 டியூபை 12 மாதத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். பொருத்திய தேதியை ஒரு மாஸ்கிங் டேப்பில் எழுதி விளக்குச் சட்டத்தின் ஓரத்தில் ஒட்டுங்கள். அதற்கடியில் மாற்ற வேண்டிய தேதியையும் எழுதிவிட்டு, மாற்று டியூபை ஒரு மாதம் முன்னதாகவே வாங்கி அலமாரியில் வைத்துவிடுங்கள்.